காரின் ‘மூளை’ மாற்றம்: பழைய பெட்டியைக் கொடுத்துவிடும் முன் ஒரு நிமிடம்

காப்பார் சாலையோரப் பட்டறைகளிலும், தைப்பிங், சுங்கை சிப்புட் போன்ற ஊர்களின் ஒயரிங் கடைகளிலும் அடிக்கடி நடப்பதுதான் இது. இழுவை வண்டியில் ஒரு கார் வந்து இறங்கும். ஃபோர்மேன் ஸ்கேனரைச் சொருகிப் பார்ப்பார்; திரையில் ஒன்றும் வராது. “கம்ப்யூட்டர் பாக்ஸ் போச்சுண்ணே” என்பார். புதிது வாங்கினால் ஆயிரக்கணக்கில் ஆகுமே என்று பயந்து, கார்க்காரர் மைத்துனரை அழைத்துக்கொண்டு கெடாய் போத்தோங்குக்குப் போவார். அதே மாடல் காரிலிருந்து கழற்றிய பெட்டி சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். அதே வடிவம், அதே பிளக். “பழசைக் கொடுத்துட்டுப் போங்க, இன்னும் ஐம்பது குறைச்சுக்கலாம்” என்று கடைக்காரர் சொல்வார். கொடுத்துவிட்டு வருவார்கள்.

பட்டறைக்குத் திரும்பிப் பெட்டியை மாட்டிச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மட்டும் விடாமல் சிமிட்டும். கெட்டுப்போன பெட்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகத் தோன்றும். ஆனால் பெரும்பாலும் அந்தப் பெட்டியில் கோளாறு இருப்பதில்லை. அது வேறொரு காரின் பெட்டி, அவ்வளவுதான். இந்தக் காரை அதற்குத் தெரியாது. இந்தக் காரைத் தெரிந்த ஒரே பெட்டி, ஐம்பது ரிங்கிட் கழிவுக்காகக் கடையிலேயே விட்டுவிட்டு வந்த அந்தப் பழைய பெட்டிதான்.

பெட்டிக்குள் இருப்பது

எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியை ஆங்கிலச் சுருக்கத்தில் இசியு என்பார்கள். அலுமினியக் கூட்டுக்குள் ஒரு சர்க்யூட் பலகை, அதில் ஒரு செயலி, நினைவகச் சில்லுகள், இஞ்செக்டரையும் இக்னிஷன் காயிலையும் இயக்கும் டிரான்சிஸ்டர்கள். எஞ்சினின் சூடு, உள்ளே போகும் காற்றின் அளவு, எண்ணெய் மிதியின் நிலை, கிராங்க் சுற்றும் வேகம் என்று சென்சார்கள் சொல்வதையெல்லாம் கேட்டு, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, எந்தக் கணத்தில் தீப்பொறி கொடுப்பது என்று முடிவெடுப்பது இதன் வேலை.

கண்ணுக்குத் தெரியும் இந்தப் பலகை எல்லா ஒத்த கார்களுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். வித்தியாசம் நினைவகத்தில் இருக்கிறது. முதலில் மென்பொருளும் அதனோடு சேர்ந்த அளவீட்டு அட்டவணைகளும். ஒரே பெட்டிதான் மேனுவல் காருக்கும் ஆட்டோ காருக்கும் வரும். உள்ளே எழுதியிருப்பது வேறு. அடுத்து, அந்த ஒரு காருக்கு மட்டுமே உரிய அடையாளங்கள்: 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட சேசிஸ் எண், சாவியோடு பேசும் இரகசியக் குறியீடு, அந்தக் காரில் என்னென்ன வசதிகள் உண்டு என்ற பதிவு. கடைசியாக, ஓடி ஓடிப் பழகியவை. தூசி படிந்த திராட்டிலுக்கு ஏற்ப ஐட்லிங்கைச் சரிசெய்தது, தேய்ந்த எஞ்சினுக்கு ஏற்ப எரிபொருளைக் கூட்டியது குறைத்தது எல்லாம் இதில் சேரும்.

வேறொருவரின் மைகார்ட்டை நம் பர்ஸில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனால் என்ன ஆகும்? அட்டை அசல்தான். ஆனால் கைரேகை ஒத்துப்போகாது. கெடாய் போத்தோங்கிலிருந்து வந்த பெட்டியின் நிலையும் அதுதான்.

ஃபோர்மேனையும் குறை சொல்ல முடியாது

மூத்த ஃபோர்மேன்கள் பலர் “அதே பாக்ஸ் போட்டா ஓடும்” என்று அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர்கள் தொழில் கற்ற காலத்தில் அது உண்மை. 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா கார்புரேட்டர் கார். 1994இல் வந்த முதல் கஞ்சிலும் அப்படியே. ஸ்பானரும் காதும் இருந்தால் போதும். பிறகு இஞ்செக்‌ஷன் கார்கள் வந்தபோது பெட்டி வந்தது. ஆனால் இமொபிலைசர் இல்லாத பல மாடல்களில் எண் ஒத்த பெட்டியைக் கழற்றி மாட்டி அப்படியே ஓட்டிப் போகலாம். விராவில் அப்படி மாற்றிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

2004இல் ஜென்-2 காரோடு கேம்புரோ எஞ்சின் வந்தது. மறு ஆண்டு மைவி வந்தது. அதன் பிறகு வந்த தலைமுறைக் கார்களில் சாவி, மீட்டர், எஞ்சின் பெட்டி, கியர் பெட்டி, ஏபிஎஸ், ஏர்பேக் என்று ஒன்றையொன்று தெரிந்த ஒரு குடும்பமே உருவாகிவிட்டது. பல கார்களில் இவை கேன் பஸ் என்ற இரட்டை ஒயர் வழியாகப் பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு அது. முறுக்கிய இரண்டே இரண்டு ஒயர்கள். காரின் அத்தனை பெட்டிகளும் அதில்தான் தகவல் அனுப்பும். குடும்பத்துக்குள் தெரியாத ஆள் ஒருவர் நுழைந்தால் மற்றவர்கள் பேச மறுப்பார்கள்.

பெட்டிதான் போனதா?

இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. ஸ்கேனர் பேசவில்லை என்பதாலேயே இசியு செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. பெட்டிக்கு மின்சாரம் போகாவிட்டாலும் ஸ்கேனர் பேசாது. ஒரு ஃபியூஸ், ஒரு மெயின் ரிலே, துருப்பிடித்த ஒரு எர்த் ஒயர் போதும். பத்து ரிங்கிட் ரிலேக்காக ஆயிரம் ரிங்கிட் பெட்டி மாற்றியவர்கள் உண்டு.

தோட்டத்து வீடுகளிலும் கம்பத்திலும் கார் நிறுத்துபவர்களுக்கு இன்னொரு எதிரி எலி. எஞ்சின் சூட்டில் வந்து படுத்து, ஒயரைக் கடித்துவிட்டுப் போகும். சென்சார்களுக்கு இசியு அனுப்பும் 5 வோல்ட் மின்சாரம் பல கார்களில் ஒரே மூலத்திலிருந்து பிரிந்து போகிறது. எலி கடித்த ஒரு ஒயர் பாடியைத் தொட்டாலோ, ஒரு சென்சார் உள்ளே ஷாட் ஆனாலோ, சம்பந்தமே இல்லாத நாலைந்து சென்சார்களுக்கும் சேர்த்துக் கோளாறு காட்டும். பார்ப்பவர்களுக்குப் பெட்டி பைத்தியம் பிடித்ததுபோல் தெரியும். சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் பொறுமையுள்ளவர் அரை மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

கேன் பஸ்ஸையும் சாதாரண மீட்டரால் சோதிக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஸ்கேன் சாக்கெட்டில் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையே அளந்தால், பொதுவாக 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். இரண்டு முனைகளிலும் 120 ஓம் தடை இருப்பதால் வரும் கணக்கு அது. 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஒயர்கள் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் கிடையாது.

பெட்டி உண்மையிலேயே எரிந்திருந்தால், அடுத்து கேட்க வேண்டிய கேள்வி: எது அதை எரித்தது? இக்னிஷன் காயில் உள்ளே ஷாட் ஆகி, அதை இயக்கும் டிரான்சிஸ்டரையும் சேர்த்துக் கொண்டுபோவது சகஜம். காயிலை மாற்றாமல் புதுப் பெட்டியை மாட்டினால் அதுவும் போகும். பேட்டரியைத் தலைகீழாக மாட்டியது, ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது சிவப்பும் கறுப்பும் மாறியது, பேட்டரியைக் கழற்றாமலேயே பாடியில் வெல்டிங் வைத்தது என இவையெல்லாம் பெட்டியைக் கொல்லும் வேலைகள். 1990களின் மிட்சுபிஷி வழிப் பெட்டிகளில் கெப்பாசிட்டர் கசிந்து பலகையை அரிப்பது பெயர்போன கோளாறு. பெட்டியைத் திறந்தாலே மீன் வாடை போல ஒன்று வரும்.

பிறகு வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளான் சுற்றுவட்டாரமும் மூழ்கியபோது, தண்ணீருக்குள் நின்ற கார்களை அந்த வட்டாரத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் காரியம் சாவியைத் திருப்பிப் பார்த்தது. செய்யக் கூடாததும் அதுதான். ஈரமான பலகையில் மின்சாரம் பாய்ந்தால் செப்புக் கோடுகளை அரிப்பு தின்னத் தொடங்கும். முதலில் பேட்டரியைக் கழற்றி, பெட்டிகளை வெளியே எடுத்து, சேற்று நீரைச் சுத்தம் செய்து காயவைத்தால் பல பெட்டிகள் பிழைக்கும். குறைந்தபட்சம் உள்ளே இருக்கும் தகவலாவது பிழைக்கும்.

மூன்று வழிகள்

பெட்டி போனது உறுதியானால் கார்க்காரருக்கு முன் மூன்று வழிகள் இருக்கின்றன. பட்டறைகள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்லும்.

முதலாவது, பழைய பெட்டியையே பழுது பார்ப்பது. எரிந்த டிரான்சிஸ்டர், கசிந்த கெப்பாசிட்டர், விட்டுப்போன ஈயம் இவற்றை மாற்றத் தெரிந்தவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். இதில் பெரிய வசதி, நினைவகம் அப்படியே இருப்பதால் கோடிங் வேலையே தேவைப்படுவதில்லை. மாட்டினால் கார் தன் பெட்டியை அடையாளம் கண்டுகொள்ளும்.

இரண்டாவது, குளோனிங். அதே எண் கொண்ட பழைய பெட்டி ஒன்றை வாங்கி, செத்துப்போன பெட்டியின் நினைவகத்தை முழுமையாகப் படித்தெடுத்து, வாங்கிய பெட்டியில் அப்படியே எழுதிவிடுவது. மென்பொருள், அட்டவணை, சேசிஸ் எண், சாவிக் குறியீடு எல்லாம் இடம் மாறிவிடும். காரைப் பொறுத்தவரை பெட்டி மாறவே இல்லை. எஞ்சினை இயக்க முடியாத அளவுக்குப் பெட்டி கெட்டிருந்தாலும் அதன் நினைவகச் சில்லு உயிரோடு இருப்பது சாதாரணம். பெட்டியை மேசைமேல் வைத்து நேரடியாக மின்சாரம் கொடுத்தோ, சில்லைத் தனியே கழற்றியோ படிக்கலாம். கடையில் ஐம்பது ரிங்கிட்டுக்கு விட்டு வந்த பெட்டியின் உண்மை மதிப்பு இந்த இடத்தில்தான் தெரியும்.

குளோனிங்குக்கு ஒட்டுத்தாளில் உள்ள எண் ஒத்துப்போக வேண்டும். மாடலும் ஆண்டும் ஒன்று என்பது போதாது. ஒரே ஆண்டில் வந்த ஒரே மாடலிலேயே பலகை மாறியிருக்கலாம். வாங்கப் போகும்போது பழைய பெட்டியையே கையில் கொண்டுபோவது நல்லது. அல்லது ஒட்டுத்தாளைத் தெளிவாகப் படம் பிடித்துக்கொண்டு போகலாம். ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப் கட் பெட்டிகளில் இன்னும் கவனம் தேவை. எஞ்சின் ஒன்றாக இருந்தாலும் அந்த நாட்டுக் காருக்கு எழுதிய அட்டவணையும் ஒயர் வரிசையும் இந்த நாட்டுக் காருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது வழி, புதுப் பெட்டி வாங்கிக் கோடிங் செய்வது. பழைய பெட்டி முற்றிலும் படிக்க முடியாத நிலையிலோ, கையிலேயே இல்லாத நிலையிலோ இதைத் தவிர வேறு வழி இருக்காது. இங்கே பெட்டியின் விலை பாதிச் செலவுதான் என்பதைப் பலர் பில் வந்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

சாவியோடு நடக்கும் பேச்சு

காரின் சாவித் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சில்லு இருக்கிறது. அதற்குப் பேட்டரி தேவையில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள காயிலிலிருந்து மின்சாரம் பெற்றுத் தன் குறியீட்டைச் சொல்லும். இமொபிலைசர் அதைச் சரிபார்த்து எஞ்சின் பெட்டிக்கு அனுமதி கொடுக்கும். அனுமதி வரவில்லை என்றால் பெட்டி பெட்ரோலை நிறுத்திவிடும், அல்லது தீப்பொறியை. சில கார்களில் ஸ்டார்ட்டரே சுற்றாது.

புதுப் பெட்டியை இந்தப் பேச்சுக்குள் சேர்க்க வேண்டும். காரைப் பொறுத்து முறை மாறும். சில டொயோட்டா மாடல்களில் இக்னிஷனை ஆன் செய்து அரை மணி நேரம் காத்திருக்கும் பதிவு முறை உண்டு. வேறு பல கார்களில் ஸ்கேன் கருவியில் பாதுகாப்பு எண்ணைப் பதிய வேண்டும். கருவி உள்ளே நுழைய அனுமதி கேட்டால் பெட்டி ஒரு எண்ணைக் கேள்வியாகக் கொடுக்கும். கருவி அதைக் கணக்கிட்டுச் சரியான பதிலைத் திருப்பித் தர வேண்டும். ஒவ்வொரு முறையும் கேள்வி மாறும். தப்பான பதில் சில முறை போனால் பெட்டி கதவைச் சாத்திக்கொண்டு சிறிது நேரம் யாரோடும் பேசாது. வேலை தெரியாதவர் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும்போது நடப்பது இதுதான்.

இந்த வேலைக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் கொண்டுபோக வேண்டும். பல கார்களில் புதிதாகப் பதியும்போது பழைய பட்டியல் அழிந்துவிடும். அன்று கையில் இல்லாத சாவி கதவைத் திறக்கும், எஞ்சினை எழுப்பாது. மகன் ஜோகூரில் வேலை செய்கிறான், இன்னொரு சாவி அவனிடம் என்றால், அவன் விடுமுறைக்கு வரும்வரை பொறுப்பது மேல்.

கார் எடுத்தபோது கொடுத்த சாவி எண் அட்டையையும் பாதுகாப்பு எண்ணையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் வீடுகள் குறைவு. செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் கிரானையும் டயரையும் பார்ப்பார்களே தவிர, இந்த அட்டையைக் கேட்பதே இல்லை.

கோடிங் என்றால் என்ன?

சாவி ஒத்துப்போய் எஞ்சின் பிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்னும் பாதி பாக்கி. புதுப் பெட்டிக்கு இந்தக் கார் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். கியர் மேனுவலா ஆட்டோவா, டயர் அளவு என்ன, ஏபிஎஸ் உண்டா, குரூஸ் கண்ட்ரோல் உண்டா, ஏர்கண்டிஷன் எந்த வகை என்று மாடலுக்குத் தக்கபடி பட்டியல் நீளும். முதலில் சேசிஸ் எண்ணை எழுதுவார்கள்; அது கிரானில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அதில் ஆங்கில ‘ஐ’, ‘ஓ’, ‘கியூ’ எழுத்துகள் வரவே வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக் கூடாது என்பதற்காக விட்டுவிட்ட எழுத்துகள் அவை. புரோட்டோன் கார் என்றால் ‘பிஎல்1’ என்று தொடங்கும்.

ஒரு இடம் தவறினாலும் கார் ஓடும். அதுதான் ஏமாற்றுவது. ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டும். ரேடியேட்டர் மின்விசிறி தாமதமாகச் சுற்றும். கியர் இடிக்கும். மூன்று மாதம் கழித்து வரும் கோளாறுக்கும் அன்று எழுதிய தவறான கோடிங்குக்கும் யாரும் முடிச்சுப் போடமாட்டார்கள்.

டீசல் ஹைலக்ஸ், அது போன்ற வண்டிகளில் இன்னொன்று உண்டு. இஞ்செக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். தயாரிப்பின்போதே அளந்து பார்த்து, அந்த இஞ்செக்டர் இம்மி அளவு கூடுதலாகத் தெளிக்கிறதா குறைவாகத் தெளிக்கிறதா என்று குறித்த எண் அது. பெட்டி மாறினால் எந்த சிலிண்டருக்கு எந்த எண் என்று திரும்ப எழுத வேண்டும். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் வண்டிக்காரர்கள் “பெட்டி மாத்தினதிலிருந்து புகை அடிக்குது” என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஐரோப்பியக் கார்களில் விஷயம் இன்னும் கடினம். பிஎம்டபிள்யூவில் எஞ்சின் பெட்டியும் சாவியைப் பார்க்கும் பெட்டியும் ஒரே இரகசிய எண்ணைப் பகிர்ந்துகொண்டிருக்கும். மெர்சிடிஸ், ஆவுடி போன்றவற்றில் பல பெட்டிகளுக்குத் தயாரிப்பாளரின் கணினி மையத்தோடு இணையம் வழியாகத் தொடர்புகொண்டு அனுமதி வாங்கினால்தான் கோடிங் முடியும். மலிவாகக் கிடைக்கிறதென்று பத்து வயது ஐரோப்பியக் காரை வாங்கும் இளைஞர்கள், காரின் விலையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

விளையாடக் கூடாத பெட்டி

எஞ்சின் பெட்டியில் தவறு நடந்தால் கார் நிற்கும். ஏர்பேக் பெட்டியில் நடந்தால் அது விபத்து அன்றுதான் தெரியும்.

இந்தப் பெட்டி பெரும்பாலும் கியர் லீவருக்கு அடியில், தரையோடு ஒட்டி இருக்கும். அதனால் வெள்ளத்தில் முதலில் மூழ்குபவற்றில் இதுவும் ஒன்று. ஏர்பேக் வெடித்த விபத்துக்குப் பிறகு பல கார்களில் இது மோதல் பதிவைச் சேமித்துப் பூட்டிக்கொள்ளும், மாற்ற வேண்டியிருக்கும். எத்தனை ஏர்பேக், சீட் பெல்ட் இழுவிசை உண்டா, பக்கவாட்டு சென்சார் உண்டா என்பது காருக்குக் கார் மாறும். இரண்டு ஏர்பேக் கார் ஒன்றின் பெட்டியை ஆறு ஏர்பேக் காரில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சில இடங்களில் எரிந்துகொண்டிருக்கும் ஏர்பேக் விளக்கை அணைப்பதற்கு மீட்டருக்குப் பின்னால் ஒயரை வெட்டிவிடுகிறார்கள். பழுதான ஏர்பேக் பழுதாகவே இருக்கும், விளக்கு மட்டும் தெரியாது. கார் வாங்குபவர்கள் இக்னிஷனை ஆன் செய்யும்போது அந்த விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைகிறதா என்று பார்க்க வேண்டும். எரியவே இல்லையென்றால் கேள்வி கேட்க வேண்டும்.

மீட்டர் பெட்டியும் அப்படித்தான். ஓடிய கிலோமீட்டர் கணக்கு பல கார்களில் அதற்குள்தான் இருக்கிறது. வேறு காரின் மீட்டரை மாட்டினால் அந்தக் காரின் கணக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். நேர்மையான கடை பழைய கணக்கைக் கேட்டு பில்லில் எழுதிக் கொடுக்கும்.

எழுதும் நேரம்

பெட்டிக்குள் மென்பொருள் எழுதும்போது காரின் பேட்டரியை மட்டும் நம்புவது ஆபத்து. இக்னிஷன் ஆனிலேயே இருக்கும். மின்விசிறி தானாகச் சுற்றலாம். வேலை அரை மணி நேரத்துக்கு மேலும் இழுக்கலாம். நடுவில் மின்னழுத்தம் இறங்கினால் எழுத்து பாதியில் நிற்கும். பாதி எழுதிய பெட்டி உயிரில்லாத செங்கல்தான். சிரத்தையுள்ள கடையில் சீரான மின்சாரம் கொடுக்கும் கருவியை மாட்டி, சுமார் 13 வோல்ட்டுக்கு மேல் நிலையாக நிறுத்திவிட்டுத்தான் தொடங்குவார்கள். முதலில் பழைய தகவலைப் படித்து ஒரு நகல் எடுத்து வைப்பார்கள். அதற்குப் பிறகே எழுதுவார்கள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, சார்ஜர் ஒன்றும் இல்லாமல் “அஞ்சு நிமிஷம்ணே” என்று தொடங்குபவரிடம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எழுதி முடித்த பிறகு கார் கற்றுக்கொள்ள வேண்டும். திராட்டில் மூடிய நிலை, ஐட்லிங், ஸ்டியரிங்கின் நேர் நிலை, ஆட்டோ கியரின் அழுத்த அளவு என்று காருக்குத் தேவையானவற்றைக் கருவி வழியாகக் கற்றுக்கொடுப்பார்கள். மீதியைக் கார் ஓடியே பழகும். முதல் இரண்டு மூன்று நாள் ஐட்லிங் சற்று ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம். ஒரு வாரம் கழிந்தும் அப்படியே இருந்தால் திரும்பப் போக வேண்டும். காரை எடுக்கும்போது எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறை ஸ்கேன் செய்து, கோளாறு எண் ஏதும் இல்லாத திரையைப் படம் பிடித்துக்கொள்ளலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த வேலை சின்னப் பட்டறைகளுக்கு அச்சமும் வாய்ப்புமாக வந்து நிற்கிறது. நம் பிள்ளைகள் பலர் படிவம் ஐந்து முடித்து நேராகப் பட்டறைக்குப் போகிறார்கள். எண்ணெய்க் கை வேலை மட்டுமே கற்றுக்கொள்கிறார்கள். பெட்டி வேலை வந்தால் காரை வேறு கடைக்கு அனுப்பிவிட்டு, லாபத்தையும் சேர்த்து அனுப்புகிறார்கள். மலேசியத் திறன் சான்றிதழுக்கான வாகனத் தொழில்நுட்பப் பயிற்சி அரசாங்கப் பயிற்சி நிலையங்களில் உண்டு. மீட்டர் பிடிக்கவும் ஒயரிங் படம் படிக்கவும் ஒழுங்காகத் தெரிந்த பையனுக்கு, கோடிங் கருவி பிறகு கைக்கு வரும். கருவியை முதலில் வாங்கிவிட்டுப் படம் படிக்கத் தெரியாமல் நிற்பவர்கள்தான் அதிகம்.

பில் கையில் இருக்கட்டும்

விலை பேசும்போது பெட்டிக்கு எவ்வளவு, கோடிங்குக்கு எவ்வளவு, சாவி பதிய எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்பது நல்லது. பெட்டி புதியதா, பழையதா, பழுது பார்த்ததா என்பதைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும்; பழைய, புதிய பெட்டிகளின் ஒட்டுத்தாள் எண்களையும் சேர்த்து. குளோனிங் செய்தால், எடுத்த நகலை ஒரு பென்டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அடுத்த முறை பெட்டி போனால் அந்தக் கோப்பு ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும்.

கொடுத்த பணத்துக்கு வேலை நடக்கவில்லை, கடையும் கைவிரிக்கிறது என்றால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அங்கே போய் நிற்கும்போது கையில் பில் இருக்க வேண்டும். “ஃபோர்மேன் தெரிஞ்சவர்தான், பில் எதுக்குன்னு விட்டுட்டேன்” என்று சொல்லிப் பயனில்லை.

பழைய பெட்டியை வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில், கார் எண்ணை எழுதி ஒட்டி வைத்தால் போதும். காரை விற்கும்போது கிரானோடும் இரண்டாவது சாவியோடும் சேர்த்து வாங்குபவர் கையில் கொடுத்துவிடலாம்.